தமிழைக் கையாளும் நிரல்களுக்கான தரச் சோதனைக் கருவி: வெளியிடும் முன் உங்கள் கருத்து வேண்டும்

காரைக்குடியிலிருந்து, இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட மூலநிரலைப் படித்து, அதில் எந்த இடத்தில் தமிழ் எழுத்து உடையும், எந்த இடத்தில் தமிழ்ச் சொல் தவறாக ஒப்பிடப்படும் என்று சுட்டிக்காட்டும் ஒரு சோதனைக் கருவியை இரண்டு ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் எழுதி வந்திருக்கிறேன். அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட எண்ணுகிறேன். எந்த விதிகளை இயல்பாக இயக்கி வைப்பது, எவற்றை நிறுத்தி வைப்பது, எந்த உரிமத்தைத் தேர்வது என்பவற்றில் எனக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை என்பதால், இங்கே கேட்டுவிட்டே செய்ய விரும்புகிறேன்.

இது தொடங்கிய விதத்தைச் சொன்னால்தான் நோக்கம் விளங்கும். பக்கத்து ஊர் நகரச் சங்கம் ஒன்றுக்குப் புள்ளி வரிக் கணக்கு எழுதும் மென்பொருளைச் செய்து கொடுத்திருந்தேன். (வெளியூர் நண்பர்களுக்காக ஒரு சொல்: இங்கே புள்ளி என்பது திருமணமானதும் கோயிலில் தனியாகப் பதிவாகும் குடும்பத்தைக் குறிக்கும், எழுத்தின் தலையில் வைக்கும் புள்ளியன்று.) ஊர்வாரித் தொகுப்பை முதன்முதலாக அச்சிட்ட அன்று, பட்டியலில் கொத்தமங்கலம் இரண்டு முறை வந்தது. அடுத்தடுத்த இரண்டு வரிகள், கண்ணுக்கு ஒரே எழுத்துகள், ஆனால் வெவ்வேறு எண்ணிக்கைகள். கணக்குப் பார்த்த பெரியவர் விரலை மேல் வரியிலும் கீழ் வரியிலும் மாறி மாறி வைத்து, "இதிலே எது நம்ம கொத்தமங்கலம்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

அன்றிரவு இரண்டு சொற்களின் நீளத்தையும் நிரலிடம் கேட்டபோது ஒன்றுக்கு 12 என்றும் மற்றொன்றுக்கு 13 என்றும் வந்தது. ஒருங்குறியில் (எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறையான யூனிகோடில்) கொ என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். க என்ற குறியீட்டுக்குப் பின் ஒகரத்துக்கென்றே உள்ள ஒற்றைக் குறியை இடலாம்; அல்லது ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்து இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கைப்பேசியில் தட்டெழுதியவர்கள் முதல் வகையையும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றித் தந்த கோப்பு இரண்டாம் வகையையும் கொண்டிருந்தன. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஒருங்குறி வரையறையிலேயே உள்ளது, நான்தான் செய்யவில்லை. கோட்டையூருக்கும் கோனாபட்டுக்கும் இதே நிலைதான் நேர்ந்திருந்தது.

இப்போது கருவி ஆறு வகைப் பிழைகளைத் தேடுகிறது. வெளியிலிருந்து வரும் உரையை இயல்பாக்காமல் (ஒரே வடிவத்துக்கு மாற்றாமல்) ஒப்பிடுவது முதலாவது. தமிழ்ச் சரத்தை (நிரல் உரையாகக் கையாளும் எழுத்துத் தொடரை) எழுத்தெல்லை பாராமல் வெட்டுவது இரண்டாவது. மொழிபெயர்ப்புக் கோப்பில் மாறிகளுக்கான (மாறும் மதிப்புகளுக்கான) இடக்குறிகள் விடுபடுவது மூன்றாவது. துணைக்காலும் ரகரமும், தமிழ் எண் ஒன்றும் ககரமும் போன்ற ஒத்த தோற்றமுள்ளவை இடம் மாறியிருப்பது நான்காவது. எழுத்துகள் கூட்டெழுத்தாகாமல் தடுக்கும், கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கக் குறிகள் சரத்துக்குள் இருப்பது ஐந்தாவது. தமிழ் அகரவரிசையைக் கருதாமல் வரிசைப்படுத்துவது ஆறாவது. முதல் மூன்றிலும் எனக்கு நம்பிக்கை உண்டு. மற்ற மூன்றிலும் கருவி தேவையில்லாத இடங்களிலும் குரல் கொடுக்கிறது. அப்படியே வெளியிட்டுவிட்டுப் பிறகு திருத்தலாமா, காத்திருக்கலாமா?

தேவகோட்டையிலிருந்து

தம்பி, முதலில் வாழ்த்துகள். நான் பல ஆண்டுகள் வெளியூரில் மென்பொருள் பணி செய்துவிட்டு இப்போது ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேன். உங்கள் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து ஒரே விடைதான் சொல்ல முடியும்: நம்பிக்கையில்லாத மூன்று விதிகளையும் நிறுத்தி வைத்துவிட்டு வெளியிடுங்கள்.

முன்பு நான் பணிபுரிந்த ஓரிடத்தில் நிரல் தரச் சோதனைக் கருவி ஒன்றை ஒரே நாளில் எல்லா விதிகளோடும் இயக்கினார்கள். முதல் நாளே ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை எங்களுக்குப் பொருந்தாதவை. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று மூடி, மறுபடி அடுத்ததைத் திறந்து சோர்ந்துபோன நண்பர் ஒருவர், ஒரு மாதம் முடிவதற்குள் கருவியின் முடிவைப் பொருட்படுத்தாமல் அடுத்த கட்டத்துக்குப் போகும்படி ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். யாரும் எதிர்க்கவில்லை. சில வாரங்கள் கழித்து வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்த ஒரு வழுவை அந்தக் கருவி முன்பே சரியாகச் சுட்டியிருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கவரிட்டி என்ற பகுப்பாய்வுக் கருவியை உருவாக்கியவர்கள் 2010இல் எழுதிய கட்டுரையில், பொய் எச்சரிக்கைகள் 30 விழுக்காட்டைத் தாண்டினால் மக்கள் கருவியையே புறக்கணிக்கத் தொடங்குகிறார்கள் என்றும், தங்கள் நிலையான விதிகளுக்கு 20 விழுக்காட்டுக்குக் கீழ் என்று இலக்கு வைத்ததாகவும் சொல்கிறார்கள். கூகுளில் இத்தகைய கருவிகளை இயக்கியவர்கள் 2018இல் எழுதியபோது அந்த வரம்பை 10 விழுக்காடாக வைத்திருந்தார்கள். அவர்கள் பொய் எச்சரிக்கையை வரையறுத்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: சுட்டியது கோட்பாட்டின்படி சரியா தவறா என்பதை அவர்கள் கேட்கவில்லை, அதைப் படித்தவர் நிரலைத் திருத்தினாரா இல்லையா என்பதையே கேட்டார்கள்.

புதுவயலிலிருந்து

தேவகோட்டை அண்ணன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒப்ப முடியவில்லை. எங்கள் ஊரில் அரிசி ஆலைகள் நிறைய. ஆலைகளுக்கு எடைச்சீட்டும் பட்டியலும் அச்சிடும் மென்பொருளை நான் எழுதுகிறேன். இங்கே தவறவிட்ட ஒரு பிழையின் விலை, தேவையில்லாமல் படித்த பத்து எச்சரிக்கைகளின் விலையைவிடக் கூடுதல்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எடைச்சீட்டில் நெல் கொண்டுவந்தவரின் பெயருக்கு 12 இடங்கள் என்று முன்பு ஒருவர் எழுதி வைத்திருந்தார். சுப்பிரமணியன் என்ற பெயரில் 13 குறியீடுகள் உள்ளன. கடைசிக் குறியீடு னகரத்தின் மேலுள்ள புள்ளி. ஆகவே சீட்டில் எப்போதும் 'சுப்பிரமணியன' என்றே அச்சாகும். அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்துவிட்டது என்றே வெகுநாள் நினைத்திருந்தோம். அதைவிட நீளமான பெயர்களில் உயிர்க்குறி போய், கு என்பது க ஆகி, இரண்டு வெவ்வேறு ஆட்களின் பெயர் ஒன்றாகிவிட்டது. பணம் கொடுக்கும் இடத்தில் இது சிறிய தவறன்று. குறுஞ்செய்தியிலும் இதே தொல்லை உண்டு: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் கிடைக்கின்றன, தமிழிலோ 70 குறியீடுகள்தாம். செலவைக் குறைக்க எழுபதாவது இடத்தில் வெட்டிவிடுகிறார்கள்.

ஆகவே வரிசைப்படுத்தும் விதி உட்பட அனைத்தையும் இயக்கி வையுங்கள். வேண்டாதவர்கள் நிறுத்திக்கொள்ளட்டும்.

அழகப்பா பல்கலைக்கழக மாணவர் ஒருவர்

வணக்கம். இரண்டு ஐயங்கள். கொத்தமங்கலம் என்பதையே மாறியின் பெயராக வைத்து இரண்டு வடிவங்களிலும் எழுதிப் பார்த்தேன். பைத்தான் இரண்டையும் ஒரே மாறியாகவே கொண்டது. ஆனால் சரமாக எழுதினால் இரண்டும் வேறு என்கிறது. இந்த வேறுபாடு ஏன்?

அடுத்தது: பிழை இருப்பது தரவில். கருவி படிப்பதோ நிரலை மட்டும். நிரலைப் பார்த்துத் தரவில் உள்ள குழப்பத்தை எப்படி அறிய முடியும்?

காரைக்குடியிலிருந்து, இழையைத் தொடங்கியவர்

தம்பியின் இரண்டு கேள்விகளும் கருவியின் அடிப்படையையே தொடுகின்றன என்பதால் முதலில் அவற்றுக்கு விடை சொல்கிறேன்.

பைத்தான் 3இல் ஆங்கிலமல்லாத எழுத்துகளையும் மாறிப் பெயர்களில் வைக்கலாம் என்று முடிவெடுத்தபோது, பெயர்களை மட்டும் மொழியே இயல்பாக்கிக்கொள்ளும் என்றும் வகுத்தார்கள். சரத்துக்குள் இருப்பதோ எழுதியவரின் தரவு. அதை மொழி தொடக்கூடாது. அந்தப் பிரிவினை சரியானதே. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதைப் பார்த்துப் பழகியவர் சரமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடுவார், நானும் நம்பினேன்.

இரண்டாவது கேள்விக்கு: கருவி தரவைப் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. அது நிரலின் கட்டமைப்பு மரத்தைப் பிரித்து, கோப்பிலிருந்தோ படிவத்திலிருந்தோ தரவுத்தளத்திலிருந்தோ ஒரு மதிப்பு வருகிறதா, அந்த மதிப்பு பைத்தானின் 'அகராதி' என்ற தொகுப்பில் தேடுவதற்கான திறவியாகவோ ஒப்பீட்டின் ஒரு பக்கமாகவோ ஆகிறதா, இடையில் எங்காவது இயல்பாக்கம் நடக்கிறதா என்று தேடுகிறது. நடக்கவில்லையென்றால் சொல்கிறது. கொத்தமங்கலம் இரண்டாகும் என்று அதற்குத் தெரியாது. இரண்டாக வாய்ப்புள்ள வாசல் திறந்திருக்கிறது என்று மட்டும் தெரியும்.

இங்கேதான் வரிசைப்படுத்தும் விதி இடறுகிறது. ஒருங்குறியில் ழகரம் வகரத்துக்கு முன் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே வெறுமனே வரிசைப்படுத்தினால் பழனி முதலிலும் பவானி பின்னும் வரும், நம் அகராதியிலோ பவானிதான் முதலில் வர வேண்டும். னகரம் நகரத்தை அடுத்தே வந்துவிடும். புள்ளி வைத்த மெய் உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னால் போய்விடும். இவையெல்லாம் உண்மையான பிழைகள். ஆனால் நிரலில் வரிசைப்படுத்தும் ஒவ்வொரு வரியிலும் பட்டியலுக்குள் இருப்பது தமிழ்ச் சொல்லா, தேதியா, தொகையா என்று கருவிக்குத் தெரியாது. நிரல் இயங்கும்போது என்ன செய்யும் என்பதைப் பற்றிய எந்தக் கேள்விக்கும், நிரலை மட்டும் படித்து எப்போதும் சரியாக விடை சொல்லும் முறை இருக்க முடியாது என்று ரைஸ் என்ற கணித அறிஞர் 1953இலேயே நிறுவிவிட்டார். ஆகவே ஒன்று, சிலவற்றைத் தவறவிட வேண்டும். அல்லது சிலவற்றைத் தவறாகச் சுட்ட வேண்டும். எந்தப் பக்கம் சாய்வது என்பதை மட்டுமே நாம் தேர்ந்தெடுக்க முடியும்.

புதுவயல் அண்ணனுக்கு: நீங்கள் சொன்ன சுப்பிரமணியன் என் இரண்டாவது விதிக்குள் வருகிறார், அது எப்படியும் இயங்கும். என் சொந்த நிரலில் ஆறாவது விதியை இயக்கியபோது அது சுட்டிய இடங்களில் பெரும்பாலானவை தேதியையும் தொகையையும் வரிசைப்படுத்தும் வரிகள். நானே இரண்டாம் முறை முழுவதும் படிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுதியவனே படிக்காததை மற்றவர் படிப்பார் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை.

கண்டனூரிலிருந்து

விதிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். நான் வேறொன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. தம்பி, கருவியைச் சோதிக்க நீங்கள் பயன்படுத்திய மாதிரிக் கோப்புகள் எவை? நகரச் சங்கத்தின் புள்ளிப் பட்டியலா? அதில் குடும்பத் தலைவரின் பெயர், கைப்பேசி எண், கொடுத்த வரி எல்லாம் இருக்குமே. அந்தக் கோப்பு நிரலின் மாற்றங்களை வரலாற்றோடு சேமிக்கும் உங்கள் கிட் களஞ்சியத்தில் எந்தக் காலத்திலாவது இருந்ததா?

இருந்திருந்தால், இப்போது நீக்கிவிட்டேன் என்பது போதாது. களஞ்சியத்தின் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். வெளியிட்ட மறுநிமிடம் யார் வேண்டுமானாலும் பழைய பதிவுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம். 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள். நம்பிக் கணக்கைக் கொடுத்த பெரியவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது?

உரிமத்தைப் பேசுவதற்கு முன் இன்னொன்றையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். நீங்கள் எங்காவது சம்பளத்துக்குப் பணிபுரிகிறீர்களா? நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. அதன் 17ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், பணியின் அங்கமாகச் செய்த படைப்பின் முதல் உரிமையாளர் பணியமர்த்தியவர்தாம். ஓய்வு நேரத்தில் எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரியும்; அவர்களுக்கும் தெரியும் என்று ஒரு கடிதம் கையில் இருந்தால் நல்லது. உரிமை இல்லாதவர் கொடுத்த உரிமம் பின்னால் பயன்படுத்தியவர்களையும் சேர்த்துச் சிக்கலில் இழுத்துவிடும்.

காரைக்குடியிலிருந்து, இழையைத் தொடங்கியவர்

அக்கா, நீங்கள் கேட்டதைப் படித்ததும் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டுக் களஞ்சியத்தின் வரலாற்றைத் தேடினேன். தொடக்க மாதங்களில் ஒரு மாதிரிக் கோப்பு இருந்திருக்கிறது. முழுப் பட்டியலன்று, ஆனால் உண்மையான பெயர்களும் எண்களும் உள்ளவை. ஒரு வாரத்தில் நீக்கியிருக்கிறேன். வரலாற்றில் அப்படியே கிடக்கிறது. இது வெளியே போயிருந்தால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. மிக்க நன்றி.

பழைய வரலாற்றைச் செப்பனிட முயலாமல், இன்றைய நிலையை மட்டும் எடுத்துப் புதிய களஞ்சியமாகத் தொடங்கப் போகிறேன். மாதிரிகளுக்கு இனி ஊர்ப் பெயர்கள் மட்டும்: கொத்தமங்கலம், கோட்டையூர், கானாடுகாத்தான், பள்ளத்தூர். இவை எல்லா வரைபடத்திலும் உள்ளவை. யாருடைய கணக்கும் இல்லை. பழைய மாதிரியிலிருந்த பிழை வகைகள் ஒவ்வொன்றையும் இந்தப் பெயர்களிலேயே மறுபடி உருவாக்க முடிகிறது என்பதையும் சரிபார்த்துவிட்டேன்.

பணியைப் பொறுத்தவரை, நான் சொந்தமாகத் தொழில் செய்கிறேன். சங்கத்துக்கு எழுதிய மென்பொருளிலிருந்து எந்த வரியும் கருவிக்குள் வரவில்லை என்றாலும், அவர்களிடமும் எழுத்தில் ஒப்புதல் கேட்டிருக்கிறேன்.

ஆத்தங்குடியிலிருந்து

எங்கள் வீட்டில் தரைக்கல் பட்டறை இருக்கிறது. நான் படித்தது கணினி. இரண்டும் எனக்குப் பழக்கம் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு அழுத்துவோம். கல்லின் முகம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டே இறுகுவதால்தான் மினுமினுப்பு வருகிறது. கண்ணாடியில் கீறல் இருந்தால் அது ஒவ்வொரு கல்லிலும் விழும். அதனால் அப்பா காலையில் கலவையைத் தொடுவதற்கு முன் கண்ணாடிகளைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்.

உங்கள் கருவியின் விதிகளை எதைக்கொண்டு சோதிக்கிறீர்கள்? ஒவ்வொரு விதிக்கும் 'சுட்ட வேண்டியவை' என்று ஒரு கோப்புறை இருக்கும் என்று நம்புகிறேன். 'சுட்டக்கூடாதவை' என்று இன்னொன்று உண்டா? என் கருத்தில் இரண்டாவதுதான் பெரிதாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது விதியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கக் குறி சரத்துக்குள் இருந்தால் பிழை என்கிறீர்கள். ரிக்‌ஷா என்ற சொல்லில் ககரமும் ஷகரமும் ஒன்று சேர்ந்து கூட்டெழுத்தாக மாறாமல் தனித்தனியே நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அந்தக் குறியை வேண்டுமென்றே இடுகிறார்கள். அது பிழையன்று, எழுதியவரின் தேர்வு. அதேபோல் ஔகாரத்துக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் போட்டுக் கௌரவத்தைக் 'கெளரவம்' என்றும் பௌர்ணமியைப் 'பெளர்ணமி' என்றும் தட்டுவது எங்கும் காணும் பிழை. அதைச் சுட்டுவது நல்லது. ஆனால் கெளுத்தி மீனும் தெளிவும் வெள்ளியும் சரியான சொற்கள். ஒத்த தோற்ற விதி இவற்றைத் தொடாமல் இருக்கிறதா?

இன்னும் ஒரு படி போகலாம். விதியின் நிபந்தனையில் ஒன்றை வேண்டுமென்றே மாற்றி, அதாவது 'மற்றும்' என்பதை 'அல்லது' ஆக்கி, உங்கள் சோதனைகள் அப்போதும் தேறிவிடுகின்றனவா என்று பாருங்கள். தேறினால் அந்தச் சோதனை எதையும் காக்கவில்லை என்று பொருள். இந்த முறையை டிமில்லோ, லிப்டன், சேவர்டு ஆகிய மூவரும் 1978இல் எழுதினார்கள். 

பள்ளத்தூரிலிருந்து

உரிமம் பற்றி யாரும் முழுதாகப் பேசவில்லை. சுருக்கமாக என் கருத்து.

மாற்றி வெளியிடுபவரும் மூலநிரலைத் திறந்தே தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமம் வைத்தால் சிலர் நிறுவனங்கள் கருவியைத் தொடமாட்டா என்று அஞ்சுகிறார்கள். சோதனைக் கருவி சோதிக்கப்படும் நிரலோடு இணைவதில்லை. அதைப் படித்துக் கருத்துச் சொல்லிவிட்டுப் போகிறது. கருவியின் உரிமம் சோதிக்கப்பட்ட நிரலைப் பற்றாது. பைத்தான் சோதனைக் கருவியான பைலின்ட் பல ஆண்டுகளாக ஜிபிஎல் உரிமத்திலேயே இருக்கிறது. மூடிய நிரல் எழுதுபவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கான ஈஎஸ்லின்ட், அப்படிக் கட்டாயப்படுத்தாத எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. இரண்டும் வாழ்கின்றன.

எனவே கேள்வி வேறு. உங்கள் தமிழ் விதிகளை யாராவது எடுத்துத் தங்கள் பெரிய கருவிக்குள் வைத்துக்கொண்டால் மகிழ்வீர்களா, வருந்துவீர்களா? மகிழ்வீர்கள் என்றால் எம்ஐடி. திருத்தி வெளியிடுபவர்களும் மூலநிரலைத் திறந்தே தர வேண்டும் என்றால் ஜிபிஎல். தமிழ் விதிகள் எங்கே போனாலும் தமிழுக்கு நன்மைதான் என்பதால் என் வாக்கு எம்ஐடிக்கு.

தேவகோட்டையிலிருந்து

பள்ளத்தூர் நண்பரோடு உடன்படுகிறேன். வெளியீட்டின் பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். பைத்தான் நிரல்களை வெளியிடும் பைபிஐ தளத்தில் 2024 சனவரி முதல் எல்லாக் கணக்குகளுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம், அது நல்லது. ஆனால் கணக்கு உங்கள் ஒருவர் கையில் மட்டும் இருக்கக்கூடாது. அதே 2024இல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரல் நூலகத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள்: தனியாகச் சுமந்து களைத்துப்போன ஒருவருக்குத் துணையாக வந்து, நாளடைவில் நம்பிக்கையைப் பெற்ற ஆள்தான் இரகசியமாக உள்ளே நுழையும் பின்வாசலை அதில் வைத்தார். அவசரத்தில் துணை தேடாமல், இப்போதே நேரில் தெரிந்த ஒருவரை இணைப் பராமரிப்பாளராக வைத்துக்கொள்ளுங்கள்.

மேலும், பதிப்பு எண் 1.0 ஆகும்வரை எந்தப் புதிய விதியும் தானாக இயங்கக்கூடாது. பைத்தானுக்கான ரஃப் சோதனைக் கருவியில் முன்னோட்ட நிலை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். விரும்பிக் கேட்டவர்களுக்கு மட்டும் புதிய விதிகள் தெரியும். நேற்றுத் தேறிய நிரல் இன்று கருவியைப் புதுப்பித்ததால் மட்டும் தோற்றால், பயனர் குறை சொல்வது நிரலையன்று.

காரைக்குடியிலிருந்து, இழையைத் தொடங்கியவர்

அனைவர் கருத்தையும் எழுதி வைத்துக்கொண்டு மூன்று வாரங்கள் வேலை செய்தேன். இப்போது முடிவுகள்.

முதல் மூன்று விதிகள் இயல்பாக இயங்கும். ஒத்த தோற்ற விதியும் இணைப்பு நீக்கக் குறி விதியும் முன்னோட்ட நிலையில் இருக்கும். வரிசைப்படுத்தும் விதியை இரண்டாகப் பிரித்துவிட்டேன்: பட்டியல் நிரலுக்குள்ளேயே தமிழ்ச் சொற்களாக எழுதப்பட்டிருந்தால் அது உறுதியான செய்தி, அதைச் சுட்டலாம், பட்டியல் வெளியிலிருந்து வந்தால் அமைதி. புதுவயல் அண்ணனுக்காக 'கண்டிப்பு' என்ற அமைப்பு ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். ஒரு வரியில் அனைத்தையும் இயக்கிக்கொள்ளலாம். பழைய பெரிய நிரல்களுக்கு ஓர் அடிநிலைக் கோப்பு உண்டு: முதல் நாளில் உள்ள எச்சரிக்கைகளை அதில் பதிந்துவிட்டால், அதன்பின் புதிதாக எழுதும் வரிகளில் வருபவை மட்டுமே தெரியும். தேவகோட்டை அண்ணன் சொன்ன ஆயிரம் எச்சரிக்கை நாள் யாருக்கும் வரக்கூடாது.

ஆத்தங்குடி நண்பர் சொன்னபடி நிபந்தனைகளை மாற்றிப் பார்த்தேன். எழுத்தை வெட்டும் விதியில் ஒரு நிபந்தனையை முழுதாக நீக்கிய பின்னும் எல்லாச் சோதனைகளும் தேறின. இரண்டு ஆண்டுகளாக நான் மிகவும் நம்பியிருந்த விதி அது. இப்போது அதற்குச் சுட்டக்கூடாதவை கோப்புறையில்தான் கூடுதலான எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன.

அதிக நேரம் எடுத்தது எச்சரிக்கைகளின் சொற்கள். முன்பு கருவி இப்படிச் சொன்னது: "விதி 1: ஒருங்குறி இயல்பாக்கப் பிழை, வரி 48." எனக்கு விளங்கும்; அந்த மாணவத் தம்பிக்கு விளங்காது. இப்போது இப்படிச் சொல்கிறது: "வரி 48: 'ஊர்' என்ற மாறியின் மதிப்பு கோப்பிலிருந்து வருகிறது. கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள் அதில் இரண்டு வடிவங்களில் இருக்கலாம். அகராதியின் திறவியாக ஆக்குவதற்கு முன் ஒரே வடிவத்துக்கு மாற்றவும்." மாற்றுவதற்கான வரியையும் அடுத்துக் காட்டுகிறது. நீளம் கூடிவிட்டது, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆங்கிலத்திலும் செய்திகள் உண்டு, ஆனால் தமிழே முதலில் எழுதப்படுகிறது.

உரிமம் எம்ஐடி. சங்கத்தாரின் ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது. ஆத்தங்குடி நண்பர் இணைப் பராமரிப்பாளராக இருக்க ஒப்பியிருக்கிறார். வெளியீட்டுக்கு இருவர் ஒப்புதலும் தேவைப்படும். 0.1 பதிப்பின் முன்னோட்டத்தை உங்கள் நிரலில் இயக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.

புதுவயலிலிருந்து

கண்டிப்பு அமைப்பில் இயக்கினேன். எடைச்சீட்டு நிரலில் பெயரை வெட்டும் இன்னும் இரண்டு இடங்களைக் காட்டியது. ஒன்று லாரி ஓட்டுநரின் பெயருக்கானது. அதை நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. மற்றபடி தேதிகளை வரிசைப்படுத்தும் வரிகளில் நிறையக் குரல் கொடுத்தது. இரண்டு நாள் படித்தபின் கண்டிப்பை எடுத்துவிட்டு இயல்பு நிலைக்கே வந்துவிட்டேன் என்பதைத் தேவகோட்டை அண்ணனுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து

நானும் முன்னோட்ட விதிகளோடு இயக்கினேன். குழந்தைகளுக்கான கதைச் செயலி ஒன்றின் உரைக் கோப்பில், பாட்டி பேசும் வரியில் உள்ள 'வெளக்கு' என்ற சொல்லை ஔகாரப் பிழையாகச் சுட்டுகிறது. விளக்கு என்பதைப் பேச்சில் சொல்வது போலவே எழுதியிருக்கிறோம். கொம்பும் ளகரமும் அங்கே சரியானவை. அடுத்த பக்கத்தில் 'வெளவால்' என்று இருந்ததையும் சுட்டியது. அது எங்கள் பிழைதான், வௌவால் என்று திருத்திவிட்டோம்.

காரைக்குடியிலிருந்து, இழையைத் தொடங்கியவர்

இரண்டு சொற்களிலும் ஒரே எழுத்துத் தொடர். ஒன்று சரி, ஒன்று பிழை. எழுத்துகளை மட்டும் பார்க்கும் விதியால் இவற்றைப் பிரிக்க முடியாது, சொற்பட்டியல் வேண்டும். 'வெளக்கு', 'வெளங்கும்' இரண்டையும் சுட்டக்கூடாதவை கோப்புறையில் சேர்த்துவிட்டேன். இப்போது அந்தச் சோதனை தோற்றுக்கொண்டிருக்கிறது. அது தேறும்வரை ஒத்த தோற்ற விதி முன்னோட்டத்திலேயே இருக்கும். இயல்பாக இயங்கும் விதிகளோடு 0.1 பதிப்பை இன்று மாலை வெளியிடுகிறோம். பேச்சுவழக்கில் கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் சொற்கள் உங்களுக்குத் தெரிந்தவரை இந்த இழையிலேயே இடுங்கள். ஒவ்வொன்றையும் கோப்புறையில் சேர்த்துக்கொள்கிறேன்.